அக்கா என்றால் அபராதம்

விழுப்புரம்
ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய விடுதிவாசி ஜூட்டுக்கு,

நலம், நலமறிய ஆவல். சிரிக்காதே. எங்கள் தமிழ் மிஸ் இப்படித்தான் தொடங்கச் சொல்வார். உன் கோச்சிங் விடுதியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் பதினாறு வயதில் நான் தபால் பெட்டியைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். கடிக்கவில்லை.

பிளஸ் ஒன் முடித்தவனுக்கு விடுமுறை என்று பேர். உனக்கு மட்டும் அதில் ‘விடு’ போய் ‘முறை’ மிச்சம். இருக்கிற இடத்துக்கு விடுதி என்று பேர். அதிலும் ‘விடு’ இருக்கிறது, விடத்தான் மாட்டேன் என்கிறார்கள். ஊரோ திண்டிவனம். திண்டி எப்படி? வனமாவது உண்டா? உன்னை இறக்கிவிட்டு வந்த சித்தப்பா ரயில்வே சட்டையைக்கூட மாற்றாமல் தெரு முழுக்க, “எம் புள்ள நீட்டுக்குப் படிக்கப் போயிருக்கான்ங்க” என்று சொல்லிக்கொண்டு போனார். நாய்கள் உட்பட அனைவருக்கும் தகவல் கிடைத்துவிட்டது.

நமக்குள் ஒரு சட்டம். பொய் எழுதக் கூடாது என்று சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கு எழுத விஷயமே இருக்காது. பொய் எழுதலாம், ஆனால் அபராதம் உண்டு. நான் ஒரு பொய் எழுதினால் அதன் பக்கத்திலேயே ‘டாக்டர் ஜூட் அவர்களே’ என்று போட வேண்டும். நீ எழுதினால் ‘அக்கா’ என்று போட வேண்டும். உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள் நான். ஏழு வயதில் சித்தி துடைப்பக்கட்டையை எடுத்தபோதுகூட நீ என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. ஆகவே உன்னிடமிருந்து உண்மை மட்டுமே வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

சித்தி நலம். போன வருஷம் ஏப்ரல் ஒன்றாம் தேதி, நீ ஏரியில் விழுந்துவிட்டாய் என்று நான் சொல்ல, செருப்புகூடப் போடாமல் ஓடினாரே, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நீ கரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தது என் குற்றமா? இந்த ஏப்ரல் ஒன்றாம் தேதி நான் “தோத்திரம் சித்தி” என்றதைக்கூட அவர் நம்பவில்லை.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
உன்னைவிட மூத்த,
டயானா


திண்டிவனம்
ஏப்ரல் 11

ஏய் டயனோசர்,

நலமறிய ஆவல்.

இங்கே வரும் கடிதம், போகும் கடிதம் இரண்டையும் வார்டன் துரைக்கண்ணு சார் படித்துவிட்டுத்தான் விடுகிறார். நீ எழுதிய திண்டி விஷயத்துக்கு அவர் சிரித்தாராம். என் அறையில் இருக்கும் இனியவன் சொன்னான். நானும் சிரித்தேன் என்று அவன்தான் சொன்னான். எனக்கு ஞாபகம் இல்லை.

காலை நாலரைக்கு மணி அடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். திங்கட்கிழமை மாடிப்படிச் சுவரில் ரேங்க் ஒட்டுவார்கள். எண்பத்தாறு பேரில் நான் பதினான்கு. இங்கே எல்லோரும் ஒருவரையொருவர் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஐம்பதுக்குக் கீழே போனவனை மட்டும் பேஷன்ட் என்பார்கள். நான் இன்னும் டாக்டர்.

திண்டி பரவாயில்லை. வனம் இல்லை. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்.

உன் சட்டத்துக்குச் சம்மதம். அந்த வார்த்தை என் பேனாவில் வராது.

ஜூட்


விழுப்புரம்
ஏப்ரல் 15

டாக்டர்... இல்லை, இது பொய் இல்லை, அதனால் வெறும் ஜூட்டுக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதம் தொடங்கும் முறையை ஒருமுறை பார்த்துக்கொள். ‘நலம்’ முதலில், ‘நலமறிய ஆவல்’ பிறகு. நீ என் நலத்தை மட்டும் கேட்டிருக்கிறாய். உன் நலத்தை எங்கேயடா விட்டாய்? தபாலில் தொலைந்ததா, துரைக்கண்ணு சார் எடுத்துக்கொண்டாரா? (வார்டன் சார், வணக்கம். படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களை வாட்டன் சார் என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை பாருங்கள்.)

இத்துடன் உனக்கு ஓர் அரசு முத்திரையிட்ட ஆவணம் அனுப்பியிருக்கிறேன். முத்திரை செய்ய எண்ணெய்ப் பாட்டில் மூடியும் அம்மாவின் நீல மையும் தேவைப்பட்டன. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பார்த்து ரசி.

டயானா


திண்டிவனம்
ஏப்ரல் 23

டயானா,

நலமறிய ஆவல்.

உன் நோட்டீஸ் வந்தது. ‘தகுதிக் குறைவு காரணமாகத் தங்கள் மகன் இந்நிலையத்திலிருந்து வெளியேற்றப்படுகிறான்’ என்பது வரைதான் படித்தேன். பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்பாவிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். நான்கு பக்கம் ஆயிற்று. இனியவன்தான் கடைசி வரியைக் காட்டினான். ‘காரணம்: கொசுக்களுக்கு ரத்தம் தர மறுத்தல்.’ சிரித்தேன் என்று எழுதினால் அந்த வார்த்தையைப் போட வேண்டிவரும். அதனால் எழுதவில்லை.

ஈஸ்டர் அன்றும் டெஸ்ட் வைத்தார்கள். ரேங்க் ஐம்பத்தெட்டு. பேஷன்ட் ஆகிவிட்டேன். காலையில் பல் விளக்கும் இடத்திலேயே கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள்.

என் வாட்ச்சை இனியவனுக்குக் கொடுத்துவிட்டேன். தூக்கம் வராதவனுக்கு மணி தெரிந்துகொண்டே இருப்பது நல்லதில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்பு மாதிரி ஓரத்துக்குப் போய்விடுகின்றன. விரலை வைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கிறேன்.

அங்கே மழை வந்ததா?

ஜூட்


விழுப்புரம்
ஏப்ரல் 27

டேய் ஜூட்,

நலம், நலமறிய ஆவல். மறுபடியும் உன் நலத்தைக் காணோம்.

நோட்டீஸுக்கு மன்னித்துக்கொள். எப்போதும் நீ கடைசி வரியைத்தானே முதலில் படிப்பாய்? கதைப் புத்தகத்தைக்கூடப் பின்னாலிருந்து திறப்பவன் ஆயிற்றே என்று நினைத்துவிட்டேன். நீ பெட்டி கட்டுவாய் என்று தெரிந்திருந்தால் கொசுவை முதல் வரியில் பறக்க விட்டிருப்பேன்.

பேஷன்ட் என்றால் பொறுமை என்றும் அர்த்தம் உண்டு என்று எழுதலாம் என்று யோசித்தேன். எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. முதல்முறையாக என் ஜோக்கை நானே அடித்துவிட்டேன்.

எத்தனை நாளாகத் தூங்கவில்லை? சித்தியிடம் சொல்லட்டுமா? நீ வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன். எனக்கு உன்னைப் பற்றிக் கவலையே இல்லை, டாக்டர் ஜூட் அவர்களே.

மழை வரவில்லை.

டயானா


திண்டிவனம்
மே 5

அன்புள்ள அக்கா,

நான் நலம், அக்கா. நலமறிய ஆவல்.

கடிதம் வீட்டாருக்குச் சந்தோஷம் தரும்படி இருக்க வேண்டும் என்று வார்டன் சார் சொன்னார். சரியாகத்தான் சொன்னார், அக்கா. நன்றாகத் தூங்குகிறேன், அக்கா. சாப்பாடு நன்றாக இறங்குகிறது, அக்கா. பேஷன்ட் என்று கூப்பிட்டால் நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன், அக்கா. அம்மாவிடம் சொல்லும்படி எதுவும் இல்லை, அக்கா.

என் சைக்கிள் சாவி மேசை டிராயரில் இருக்கிறது. எடுத்துக்கொள். இனி அது உன்னுடையது.

இப்படிக்கு,
ஜூட்


விழுப்புரம்
மே 8

என் அருமைத் தம்பிக்கு,

நலம்! நலமோ நலம்! பதினாறு வருஷப் போர் முடிந்தது. துடைப்பக்கட்டையால் ஆகாதது தபாலால் ஆயிற்று. ஒரே கடிதத்தில் ஏழு அக்கா! எண்ணிவிட்டேன். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறேன். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாம் முதலில் என் வெற்றியைப் படித்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

சைக்கிள் வேறா? என்னடா திடீர் வள்ளல்? பின் சக்கரத்தில் காற்று இல்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

நீ தூங்குகிறாய், சாப்பிடுகிறாய் என்று படித்ததில் நிம்மதி. அவசரமாக முடிக்கிறேன், இன்றைய தபாலைப் பிடிக்க வேண்டும்.

வெற்றிவாகை சூடிய அக்கா,
டயானா


பேருந்தில்
மே 10, சனிக்கிழமை

ஜூட்,

இதைத் தபாலில் போடமாட்டேன். போட்டால் இரண்டு மூன்று நாள் ஆகும். கையில் கொண்டுவருகிறேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். முண்டியம்பாக்கம் தாண்டிவிட்டோம்.

காலையில் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனவள் மறுபடியும் அக்காக்களை எண்ணினேன். இந்த முறை ஒவ்வொன்றும் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தேன். நலம், அக்கா. தூங்குகிறேன், அக்கா. அம்மாவிடம் சொல்ல எதுவும் இல்லை, அக்கா. சட்டம் போட்டவள் நான். போட்டவளுக்கே மறந்துபோயிற்று. சட்டப்படி ஒழுங்காக எழுதினவன் நீ. வார்டன் சொன்னார் என்பதற்கு அக்கா இல்லை. சைக்கிள் இனி என்னுடையது என்பதற்கும் அக்கா இல்லை. அந்த வரியைப் படித்தபோது பிரிட்ஜ் கதவு திறந்தே இருந்தது, எனக்கு முதுகு வேர்த்தது.

சித்தியிடம் ஓடினேன். பள்ளிச் சீருடைத் தையல் மலையாகக் குவிந்திருந்தது. சொன்னேன். மிஷினை நிறுத்தவே இல்லை.

“ஏண்டி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போன வருசம் ஏரின்னு சொன்ன. வெறுங்காலோட ஓடிக்கினு போனேன். இந்த வருசம் திண்டிவனமா?”

“சத்தியமா சித்தி, வெளையாடல.”

“உன் சத்தியத்தை நீயே வச்சுக்கோ. பேஜாரு பண்ணாத, போ.”

கடிதத்தை மிஷின் மேல் வைத்தேன். ஊசி நின்றது.

“அக்கான்னா எழுதியிருக்கான்?”

“ஏழு தரம் சித்தி.”

“வேற யார்னா எழுதிக் குடுத்தாங்களா?”

“அவன் கையெழுத்துதான், பாரேன்.”

“தொடப்பக்கட்டையால அந்த அடி அடிச்சேன். அப்பவே வாயைத் தொறக்கலயே அவன்.” இதைச் சொல்லிவிட்டு எழுந்தவர் வேறு எதுவும் கேட்கவில்லை. சட்டத்தைப் பற்றிக்கூட நான் பிறகுதான் சொன்னேன்.

வார்டன் போனுக்கு இரண்டு முறை அடித்தோம். எடுக்கவில்லை. சித்தப்பா வேலையில் இருக்கிறார், அவர் போன் அணைந்திருக்கிறது. விக்கிரவாண்டியில் மூன்றாவது முறை அடித்தபோது யாரோ எடுத்து, “கிளாஸ்லதான் இருப்பாம்மா” என்றார். “இருப்பான்னா? பாத்தீங்களா?” என்று சித்தி கேட்டார். “பாத்துட்டு கூப்பிடுறேன்.” இன்னும் கூப்பிடவில்லை. கூட்டேரிப்பட்டும் வந்துவிட்டது.

நான் முந்தாநாள் போட்ட கடிதம் இன்று உனக்கு வந்திருக்கும். அதில் நான் சிரித்திருக்கிறேன். நீ கூப்பிட்டதற்குப் பதிலாக நான் சிரித்திருக்கிறேன். அந்தக் கடிதம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, நான் அதைத் துரத்திக்கொண்டு பேருந்தில் வருகிறேன். அதைப் பிரிக்காதே ஜூட். எப்போதும் போலக் கடைசி வரியைக்கூடப் பார்க்காதே.

சித்தி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே மணியிலேயே விரல் நிற்கிறது. இப்போதுதான் கவனித்தேன், இந்த முறையும் செருப்புப் போடவில்லை.

விடுதி கேட்டில் நிற்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறுதான் பெற்றோர் பார்க்கலாமாம். சித்தி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாட்ச்மேன் என்னை விடவில்லை.

உன் வகுப்பு ஜன்னல் தெரிகிறது. எழுந்து நின்ற பையன் கையில் உன் வாட்ச். பக்கத்தில் இடம் காலி.

துரைக்கண்ணு சார் போலிருக்கிறது, மாடிப்படியில் ஓடுகிறார். சித்தி பின்னாலேயே ஓடுகிறார்.

எனக்குப் பயமாக இல்லை, டாக்டர் ஜூட் அவர்களே. எனக்குப் பயமாக இல்லை, டாக்டர் ஜூட் அவர்களே. எனக்கு


விழுப்புரம்
மே 15

ஜூட்,

நலமறிய ஆவல். என் நலத்தை நானும் விட்டுவிட்டேன்.

சித்தி சாப்பாட்டுக் கூடையில் இதை வைத்துக் கொண்டுவருவார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வார்டில் இப்போதைக்கு அம்மா அப்பா மட்டும்தான் கூட இருக்கலாமாம்.

அன்று கேட்டில் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வாட்ச்மேன் எட்டு நிமிஷம் என்றார். சார் உன் தோளைச் சுற்றிக் கை போட்டு ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிவந்தார். உன் கையில் என் கடிதம் இருந்தது. பிரித்திருந்தது. “நல்லா எழுதுன்னு சொன்னது நாந்தாம்மா. நாந்தான் சொன்னேன்” என்று சித்தியிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தி உன் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். நீ அழவே இல்லை, ஆனாலும் துடைத்தார்.

காரில் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை நீ என் பக்கம் திரும்பவில்லை. நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். நீ வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன் என்று எழுதியவள் நான்தான். நீ வேண்டாம் என்றாயா, சொல் என்றாயா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. ‘எதுவும் இல்லை, அக்கா’ என்பதைச் ‘சொல்’ என்று படித்தேன். தப்பாகப் படித்திருந்தாலும் அதே பேருந்தில்தான் ஏறியிருப்பேன்.

சித்தப்பா நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் முன்னால் நின்று அந்தக் கடிதத்தைப் படித்தார். தண்ணீர் கேட்டுத்தான் வந்தார், குடிக்காமல் போய்விட்டார். பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

சாவி என்னிடம் இருக்கிறது. சைக்கிளைத் தொடவில்லை. சாவியை நீ கேட்டால்தான் தருவேன்.

டயானா


விழுப்புரம்
மே 22

ஜூட்,

நலமறிய ஆவல்.

வேறொன்றும் இல்லை. பதில் வரவில்லையே என்று நான் கூடையைத் தினமும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை, டாக்டர் ஜூட் அவர்களே.

டயானா


விழுப்புரம், உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி
ஜூன் 1

ஏய் டயனோசர்,

இன்றைக்கு நலம். நாளைக்கு என்ன என்பதை நாளைக்குக் கேள். நலமறிய ஆவல்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. உன் குரல் வாசலில் கேட்டது. எழுந்து வர முடியவில்லை. கடிதம்தான் வருகிறது. எழுத்துகள் இப்போது கோட்டிலேயே நிற்கின்றன. ஒன்றிரண்டு மட்டும் எறும்பாகின்றன.

உன்மேல் கோபம் இருந்தது. இரண்டு வாரம் இருந்தது. கூடையில் வந்த உன் இரண்டு கடிதங்களையும் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன், பிரிக்கவில்லை. பதினைந்தாம் நாள் பிரித்தேன். பேருந்தில் எழுதியதை அம்மா அதற்கும் பிறகுதான் கொடுத்தார். அது பாதி வாக்கியத்தில் நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் நீ என்ன எழுத இருந்தாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அன்று அதேதான்.

நீங்கள் வந்திருக்காவிட்டால் என்று ஒரு வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். பொய்யாக எழுதக் கூடாது. உண்மையாக எழுத இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, அவசரமில்லை என்றார்.

அவரிடம் உன் சட்டத்தைச் சொன்னேன். “யார் போட்டது?” என்றார். “எங்க வீட்டு டயனோசர்” என்றேன். மறுநாளிலிருந்து அவரும் அதைப் பிடித்துக்கொண்டார். காலையில் வந்து, “இன்னைக்கு எப்பிடி இருக்க?” என்பார். “நல்லா இருக்கேன்” என்று சொல்லி அந்த வார்த்தையையும் நான் சேர்த்தால், கையிலிருக்கும் மற்றக் காகிதங்களை எல்லாம் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முதல் வாரம் தினமும் உட்கார்ந்தார். கடைசி வாரத்தில் இரண்டு நாள்தான். வாரம் ஒருமுறை இனிப் போக வேண்டும், மாத்திரையும் உண்டு.

அப்பா என்னை டாக்டர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். “ஜூட்டு, டீ குடிக்கிறியா?” என்கிறார். ஒரு நாளைக்கு ஆறு தடவை கேட்கிறார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆறும் குடித்துவிடுகிறேன்.

இனியவன் வாட்ச்சை ஆள் மூலம் அனுப்பியிருக்கிறான். இன்னும் கட்டவில்லை. சாயங்காலம் ஆனால் பயம் வருகிறது. விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மா தையலை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுகிறார். கத்தரி சத்தம் மட்டும்.

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. நான் அடுத்த வாரம்தான். நீ போகும்போது இந்தப் பக்கமாகப் போ. உள்ளே வர வேண்டாம், வாசலில் நின்று ஒரு மோசமான ஜோக் சொல்லிவிட்டுப் போ. சிரிப்பேன் என்று சொல்லவில்லை.

அந்த வார்த்தை இந்தக் கடிதத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று நீ தேடுவாய். தேடிக்கொள். இரண்டு முறை வேண்டுமானாலும் தேடு.

பின் சக்கரத்துக்குக் காற்று அடிக்க வேண்டும். சாவியைக் கொண்டுவா. சைக்கிள் என்னுடையது.

ஜூட்